பின்சீட்டு

தெருவில் ஒருவரும் அவனை நம்பவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குஷன் தைக்கிறவன் கரண்டில் ஓடும் சைக்கிள் செய்கிறான் என்றால் யார்தான் நம்புவார்கள்? சோபா, நாற்காலி, வண்டி சீட்டு என்று எது கிழிந்து வந்தாலும் பிரித்துப் போட்டுப் புதிதாகத் தைத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. அதனால் தெருவுக்கு அவன் பெயர் மெத்தை. பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது.

"என்ன மெத்தை, சைக்கிளுக்குத் தலகாணி உண்டா? படுத்துக்கிட்டே போலாமா?" என்று எதிர்க்கடை முடிவெட்டுகிறவர் கேட்பார்.

"உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, பாடையே கட்டித் தரேன். குஷன் வெச்சு," என்பான் அவன். உதட்டில் நாலைந்து ஆணிகளைக் கவ்விக்கொண்டே பேசுவது அவனுக்குப் பழக்கம். ஒன்றுகூடக் கீழே விழாது.

வேலையில் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. டீக்கடைக்காரரின் கேனுக்கு அவன் தைத்துக் கொடுத்த ஃபோம் உறையை இன்றைக்கும் ஊரில் பேசுவார்கள். "காலைல ஊத்துன டீ மத்தியானம் வரைக்கும் கொதிக்கும். வெளிய தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கும்," என்று வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் பிடித்துக் கேன் மேல் வைத்துக் காட்டுவான். அப்படி ஒரு பெருமை.

வீடும் கடையும் ஒன்றுதான். தெருவைப் பார்த்த முன்னறை கடை. அதற்குப் பின்னால் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. பின்வாசல் கிடையாது, பின்சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய கிடங்கோ. வீட்டுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் கடை வழியாகத்தான். அந்தக் கடைக்குள் ஃபோம் ஷீட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ரெக்சின் சுருள்கள், பஞ்சு மூட்டைகள், பலகைத் துண்டுகள். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி. எல்லாவற்றுக்கும் மேலாக ஃபோம் ஒட்டுகிற சொல்யூஷனின் வாடை. புதிதாக உள்ளே வருகிறவருக்குத் தலை சுற்றும். அவனுக்கு அது காற்று மாதிரி. இருபது வருஷமாக அதையே இழுத்து இழுத்து அவன் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது.

சைக்கிள் செய்தே தீரவேண்டும் என்று வந்ததற்குக் காரணம் பஸ். அவன் மனைவி பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிகள், விடுதிகள் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வரும். ஈர விரிப்பை இரண்டு பெண்கள் சூடான இஸ்திரி உருளைக்குள் கொடுக்க, அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் வாங்கி மடிக்கவேண்டும். ஒருத்தி வராவிட்டால் உருளை நிற்கும். அதனால் காலையில் சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். விடிகாலை பஸ்ஸைத் திடீரென்று நிறுத்திவிட, அவள் இரண்டு தடவை சாத்திய கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னைக்கு என்ன சொன்னான் தெரியுமா அந்த சூப்பர்வைசர்?" இரண்டாவது தடவை நடந்த அன்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "'இன்னொரு வாட்டி இப்படி வந்தீன்னா கேட்ல நின்னு கூப்பிடாத. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிடு. உன் எடத்துக்கு வெளிய பத்து பேர் நிக்கிறாங்க'ங்கிறான்."

"சீக்கிரம் கெளம்பி நட."

"எவ்வளவு சீக்கிரம்? இதுக்கு மேல சீக்கிரம்னா ராத்திரியே போய் கேட்ல படுத்துக்கணும்."

மழைக்காலம். மழையில் யாரும் சோபாவைப் பிரித்துப் போட மாட்டார்கள். வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில்தான் என்பது அவனுக்கும் தெரியும். அவள் வேலை போய்விட்டால் கடை வாடகையும் போச்சு, கடை போனால் வீடும் போச்சு. அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

வாடிக்கையாளர் ஒருவர் சீட்டு தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் விட்டுப்போன பழைய சைக்கிள் ஒன்று கடை மூலையில் கிடந்தது. மோட்டார் வைத்த பின்சக்கரத்தை எங்கேயோ பழசில் பிடித்துக்கொண்டு வந்தான். பேட்டரிக்கு அவள் தம்பி இருந்தான். போன், லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறவன். நெடுநெடுவென்று வளர்ந்து எந்த வாசலிலும் குனிந்து நுழைவதால் தெருவுக்கு அவன் டவர். செத்துப்போன லேப்டாப் பேட்டரிகளை உடைத்து, கட்டைவிரல் பருமனுள்ள செல்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்து, தேறியதைத் தனியாக எடுத்து வைத்தான். மாமாவும் மச்சானும் தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்து, செல்களை வரிசையாக நிறுத்திப் பட்டை வைத்து இணைத்தார்கள். அந்த நாட்களில் கடையில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலை முடிகிற சமயத்தில்தான் டவர் கேட்டான்.

"மாமா, எல்லாம் சரி. அந்த போர்டு எங்க?"

"எந்த போர்டு?"

"சொன்னேனே. எந்த செல்லும் அளவுக்கு மேல குடிச்சுடாம, அடியோட வத்திடாம காவல் காக்குற போர்டு. தப்பா எதாச்சும் ஆச்சுன்னா அதுவே கட் பண்ணிடும். வாங்கறேன்னீங்களே?"

"பிரேக் வாங்கிட்டேன்."

"மாமா..."

"பழைய பிரேக்க நீயே புடிச்சுப் பாத்தியா இல்லியா? பல்லு போன கெழவன் முறுக்கு கடிக்கிற மாதிரி இருக்கு. உங்கக்கா பாலத்துல இறங்குறப்ப எதப் புடிச்சு நிப்பா? உன் போர்டையா? கையில இருந்ததுக்கு ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடிஞ்சுது."

மெத்தை செய்தது அன்றைக்குச் சரியாகத்தான் பட்டது.

"அடுத்த மாசம் போர்டு. சத்தியமா," என்றான் மெத்தை.

"அதுவரைக்கும் ரெண்டே விஷயம். சார்ஜ் போட்டா பக்கத்துல ஆள் இருக்கணும். அப்புறம் வண்டி கீழ விழக்கூடாது. விழுந்துச்சுன்னா, சின்ன அடியா இருந்தாலும் சரி, உடனே எனக்குச் சொல்லணும். பிரிச்சு ஒவ்வொரு செல்லா பாத்துட்டுத்தான் மறுபடி ஓட்டணும். ஒரு நாள், ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்ல. அக்கா, உனக்கும்தான் சொல்றேன்."

டீ டம்ளர்களோடு வாசலில் நின்றிருந்த அக்கா தலையாட்டினாள்.

"நான் என்ன சர்க்கஸா பண்ணப் போறேன்?" என்றாள்.

பேட்டரிக்குப் பெட்டி செய்ய அவன் எடுத்துக்கொண்ட அக்கறையை வேறெதற்கும் எடுத்ததில்லை. சைக்கிள் கேரியர் மேல் பலகையில் பெட்டி. உள்ளே பேட்டரி ஆடாமல் அசையாமல் இருக்க நாலு பக்கமும் ஃபோம் திணித்தான். மேலே கெட்டியான ஃபோம் வைத்து, கருஞ்சிவப்பு ரெக்சின் போர்த்தி, விளிம்பில் வெள்ளைக் கயிறு விட்டு, ஒரு பின்சீட்டாகவே தைத்துவிட்டான். பக்கவாட்டில் காற்றுப் போக டவர் பிடிவாதமாகக் கேட்டதால் பித்தளை வளையம் வைத்து ஓட்டைகள். பிறகு சாரல் உள்ளே போகும் என்று தோன்றியது. டின்னின் அடியில் இருந்த சொல்யூஷனை வழித்தெடுத்து ரெக்சின் துண்டுகளை ஒட்டி அந்த ஓட்டைகளையும் மூடினான். டவரிடம் அதைச் சொல்லவில்லை.

அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள். "பேட்டரிக்கு எதுக்கு இவ்வளவு சொகுசு?"

"பேட்டரிக்கு இல்ல. நமக்கு. ஒரு நாள் நான் ஓட்டுறேன், நீ பின்னாடி ஜம்முனு உக்காந்து வா. கல்யாணம் ஆனதுலேந்து உன்னை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கேனா?"

"ஏன், ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வாட்டி கூட்டிட்டுப் போனீங்களே."

அவன் சிரித்தான். ஆனால் அந்த ஆசையை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

வண்டி ஓடியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு அழகாக ஓடியது. உடைந்துபோன குழந்தை வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய மணி 'டிங்டாங்' என்று இரண்டு குரலில் அடிக்கும். முதல் நாள் அவள் சங்குக்கு வெகு முன்னாலேயே போய், திறக்காத கேட்டுக்கு வெளியே நின்று சூப்பர்வைசருக்கு வணக்கம் சொன்னாளாம். முடிவெட்டுகிறவர்கூட, "பரவால்லயே மெத்தை," என்றார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவரே கேலியை நிறுத்திவிட்டால் மற்றவர்கள் என்ன பேசுவது?

வண்டியை இரவில் கடைக்குள்தான் நிறுத்தவேண்டும். வெளியே விட்டால் காலையில் சங்கிலி மட்டும்தான் இருக்கும். கடையில் பழைய மூன்று பேர் சோபா ஒன்று உண்டு. அதில்தான் அவளுடைய அப்பா படுப்பார். பெரியவருக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. எழுந்து நடக்க ஓர் ஆள் பிடிக்கவேண்டும். மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவருக்கும் வாடை என்ற ஒன்று மறந்துபோய் வெகுகாலம். வண்டியை சோபாவை ஒட்டி நிறுத்தி சார்ஜ் போட்டால், அவர் முட்டியைக் கொண்டுபோய்ப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொள்வார்.

"மாப்ள, நல்ல சாமான் செஞ்சீங்க போங்க. தைலம் தேச்சாக்கூட இந்த இதம் வராது."

"சார்ஜ் ஏறுறப்ப லேசா சூடாகும், மாமா. பயப்படாதீங்க."

"நான் எதுக்குப் பயப்படறேன்? தெனமும் சார்ஜ் போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மழை வலுத்தது. அவள் மட்டும் சில சமயம் அந்த முட்டியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஏன் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியாது.

பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு மாலை அவள் விழுந்தாள். மழை அடித்துக் கொண்டுவந்த மணல், புது பிரேக், இரண்டும் சேர்ந்து சக்கரம் வழுக்கியது. முழங்கையில் தோல் போயிற்று. அது பெரிதில்லை. பெட்டியின் மூலை நடைபாதைக் கல்லில் 'டொக்'கென்று மோதியதை அவள் கேட்டாள். எழுந்து, வண்டியை நிமிர்த்தி, கைப்பிடியைத் திருகினாள். ஓடியது.

தம்பி சொன்னது அவளுக்கு நினைவு இல்லாமல் இல்லை. சொன்னால் பிரிப்பான். பிரித்தால் ஒரு நாள், இரண்டு நாள். நாளைக்குக் காலையில் யார் கொண்டுபோய் விடுவார்கள்? மூன்றாவது தடவை கேட்டுக்கு வெளியே நின்றால் அத்தோடு சரி. வார லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினாள். வழியில் ஒரு குழாயடியில் நிறுத்திச் சேற்றைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அவன் பார்த்தான். பார்க்காமல் இருப்பானா? தான் தைத்த தையலில் ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடிக்கிறவன். பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது, ரெக்சின் கிழிந்திருந்தது. அவள் முழங்கையில் முந்தானையைச் சுற்றி வைத்திருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் அரிசி களையப் போனாள்.

சாப்பிட்ட பிறகு அவன் உட்கார்ந்து, அந்த மூலையில் புது ரெக்சின் துண்டு வைத்து, வளைந்த ஊசியால் இரட்டை நூல் போட்டுத் தைத்தான். கிழிந்த இடமே தெரியவில்லை. அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சண்டை போட்டிருக்கலாம். நன்றாகச் சண்டை போட்டு, தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"என்ன வாடை இது?"

"என்ன வாடை? சொல்யூஷன்தான்."

"இல்லீங்க. இது இனிப்பா இருக்கு. நகத்துல பாலிஷ் அழிக்கிற தண்ணி இருக்குல்ல, அது மாதிரி."

"அதுவும் சொல்யூஷனும் ஒரே குடும்பம்தான். மழைக்குக் காத்து வெளிய போகல. அதான்."

"அப்பா, உனக்கு வரல?"

பெரியவர் பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே, "எனக்கு உன் கொழம்பு வாடையே வரதில்லம்மா. வேணும்னா தீஞ்சத சொல்லு, நம்பிக்கிறேன்," என்றார்.

அந்த வீட்டில் வேலை செய்கிற மூக்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஆண்கள் இல்லை என்று சொன்ன பிறகு அவளும் தன் மூக்கைத்தான் சந்தேகப்பட்டாள். நாள் முழுக்க சோப்பு நுரையிலும் ஆவியிலும் நிற்கிறோம், அதுதான் ஏதோ ஏறிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டாள். படுக்கும்போது மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னாள். சாரல் அடித்து ஃபோம் நனையும் என்று அவன் சாத்திவிட்டான்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் காற்றில் எங்கேயோ கம்பம் சாய்ந்து கரண்ட் போயிற்று. இருட்டியும் வரவில்லை. வண்டி மீட்டரில் இன்னும் ஒரு நடைக்குச் சார்ஜ் இருக்கிறது, காலையில் போய்வரலாம் என்று அவன் சொன்னான். மெழுகுவத்தியில் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

விடிகாலையில் அவள் எழுந்து டீ போட்டாள். கரண்ட் இன்னும் வரவில்லை. மழை தூறலாகியிருந்தது. ஒரு கையில் போன் டார்ச்சும் ஒரு கையில் டம்ளருமாகக் கடைக்குள் வந்தாள். அந்த இனிப்பு வாடை தொண்டையைப் பிடித்தது. அப்பா விழித்துத்தான் இருந்தார். வழக்கம்போல முட்டி பெட்டியோடு ஒட்டியிருந்தது, அந்தத் தைத்த மூலையில்.

"இன்னைக்குத்தான்மா நல்ல சூடு," என்றார். "ராத்திரி பூரா சுடுதண்ணி பாட்டில் வெச்ச மாதிரி இருந்துச்சு. அசந்து தூங்கிட்டேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கரண்ட் இல்லையேப்பா."

"என்னது?"

"நேத்து சாயங்காலத்துலேந்து கரண்டே இல்ல. பிளக் போடவே இல்லையே."

பெரியவர் முட்டியைப் பார்த்தார். மெதுவாக, கையால் தூக்கி, பெட்டியிலிருந்து அதை விலக்கி வைத்தார்.

அவள் கூப்பிட்ட குரலில் அவன் லுங்கியைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தான். பெட்டியைத் தொட்டான். "மாமா ராத்திரி பூரா ஒட்டிப் படுத்திருக்கார். அவர் உடம்புச் சூடுதான். இதுக்குப் போய்..."

"அப்ப வாடை?"

"எத்தனை வாட்டி சொல்றது? சொல்யூஷன்."

"எங்க அந்த டின்? காட்டுங்க."

"காலங்காத்தால உனக்கு..."

"காட்டுங்கன்னா காட்டுங்க!"

அவன் குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்தான். திருப்புளியைக் கொடுத்து மூடியை நெம்பினான். அவள் டார்ச்சை அதற்குள் காட்டினாள். அடியில் பழுப்பு நிறத்தில் காய்ந்து வெடித்த ஒரு தகடு. வேறொன்றும் இல்லை. கடைசிச் சொட்டையும் வழித்து ஓட்டைகளை அடைத்தவன் அவன்தான். பெட்டி செய்து முடித்ததிலிருந்து அந்தக் கடையில் சொல்யூஷனே கிடையாது.

அவன் அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தான்.

"விழுந்துட்டேன்," என்றாள் அவள். "பாலத்து எறக்கத்துல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா மூடித் தைச்சீங்க?"

"சொன்னா பிரிக்கணும். பிரிச்சா நீ எப்படிப் போவ?"

அதற்கு மேல் பேச நேரமில்லை. சுற்றிலும் கூரை வரை ஃபோம். அவன் பெரியவரை இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கினான், அவள் காலைப் பிடித்தாள். இருவருமாகத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய் முடிவெட்டுகிறவரின் கடைப் படியில் உட்காரவைத்தார்கள். பிறகு அவன் மறுபடி உள்ளே போனான். வேண்டாம் என்று அவள் கத்தியதைக் கேட்கவில்லை. சங்கிலியை அவிழ்த்து, வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நடுத்தெருவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு விலகினான்.

ஒன்றும் நடக்கவில்லை. தூறலில் அது பாட்டுக்கு நின்றது.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். தூக்கக் குரல் ஒரு நொடியில் தெளிந்துவிட்டது. "தொடாதீங்க அக்கா. யாரும் கிட்டப் போகாதீங்க. தள்ளி நில்லுங்க. நான் வரேன்."

அவள் உள்ளே போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓட்டமும் நடையுமாகப் போனால் ஒருவேளை, ஒருவேளைதான், கேட்டைப் பிடிக்கலாம்.

"நான் நடந்து போறேன். நீங்க அதைத் தொடக்கூடாது."

"தொடல."

"என் மேல சத்தியம் பண்ணுங்க."

"சொல்றேன்ல, போ. நேரமாகுது."

போர்டு வாங்குவதற்குச் சத்தியம் செய்தவன் இதற்குச் செய்யவில்லை. அவள் அதைக் கவனித்தாள். ஆனால் நேரமாகிவிட்டது என்பதும் உண்மைதான்.

அவள் தெருமுனை திரும்பிய பிறகும் அவன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். புகை இல்லை, சத்தம் இல்லை. பயந்துபோய் ஒரு நல்ல வண்டியை மழையில் நிறுத்தி வைத்திருப்பதாகத் தோன்றத் தொடங்கியது. அவள் இந்த நேரம் எங்கே போயிருப்பாள் என்று கணக்குப் போட்டான். பாதி தூரம்கூட இல்லை. பிடிக்க மாட்டாள். நிச்சயமாகப் பிடிக்க மாட்டாள்.

கிட்டப் போய்ப் பின்சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருந்தது.

டீக்கேன் உறையைத் தொட்டுக் காட்டி ஊரெல்லாம் பெருமையடித்தவன் அவன். கெட்டி ஃபோம் உள்ளே இருக்கிற சூட்டை வெளியே காட்டாது என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் மனசு ஒன்றை விரும்பிவிட்டால் கை அதைத்தான் சொல்லும்.

"மாப்ள," என்றார் படியில் உட்கார்ந்திருந்த பெரியவர். "வேணாம் மாப்ள."

"ஆறிடுச்சு, மாமா. தொட்டுப் பாத்தேன்."

"அவன் வரட்டும். டவர் வரட்டும்."

"அவன் வரதுக்குள்ள சங்கு ஊதிடும். கொண்டுபோய் விட்டுட்டு அப்படியே அங்க வெச்சே பிரிச்சுடறேன். இங்க கடைக்குள்ள கொண்டு வரமாட்டேன்."

பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி விடவில்லை. "அடேய், யாராச்சும் புடிங்கடா அவனை!" என்று அவர் கத்தியபோது தெருவில் கதவுகள் திறக்கிற நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

பாலத்துக்கு முன்னால் இருக்கிற ஏற்றத்தில் அவள் மூச்சிரைக்க நடந்துகொண்டிருந்தாள். விடிந்தும் விடியாத வெளிச்சம். பின்னால் தூரத்தில், 'டிங்டாங்'.

அந்த மணி ஊரில் வேறு யாரிடமும் கிடையாது.

திரும்பினாள். அவன் வந்துகொண்டிருந்தான். ஏற்றத்தில் மோட்டார் முனகியது. முகத்தில் தூறல் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை அவளைப் பார்க்க வந்தபோது அப்படிச் சிரித்திருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால், சீட்டின் விளிம்பில் விட்ட வெள்ளைக் கயிற்றுக்கு அடியிலிருந்து, ஈர விரிப்பு உருளைக்குள் போகும்போது எழுகிற ஆவி மாதிரி வெள்ளையாக ஒன்று வந்துகொண்டிருந்தது. ஏற ஏற அது தடித்தது.

"எறங்குங்க!" என்று கத்தினாள். "எறங்குங்க, எறங்குங்க!"

திட்டுகிறாள் என்று நினைத்து அவன் இன்னொரு தடவை மணி அடித்தான். அவள் டப்பாவைப் போட்டுவிட்டு அவனை நோக்கி ஓடினாள். அவன் பிரேக் பிடித்தான். நல்ல பிரேக், அவளுக்கு முன்னால் அப்படியே நின்றது.

"ஏறிக்க," என்றான். "உனக்கு வெச்ச சீட்டு. சங்குக்கு முன்னாடி..."

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, தன் உடம்பு எடை முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். இரண்டு பேரும் சாலையோரத் தண்ணீரில் உருண்டார்கள். வண்டி மறுபக்கம் சாய்ந்தது. சாய்ந்ததும் சீறியது. ஒரு வெடி, அப்புறம் அடுத்தடுத்து. செல்கள் ஒவ்வொன்றாகத் தெறித்துச் சாலையில் எரிந்துகொண்டே உருண்டன. பின்சீட்டு மொத்தமாகப் பற்றிக்கொண்டது. ஃபோம் உருகிச் சொட்டுச் சொட்டாக நெருப்பு விழுந்தது. அவன் காலில் ஆடுசதைப் பக்கம் லுங்கி கருகியிருந்தது, அவள் கையாலேயே அடித்து அணைத்தாள்.

அவன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். சோபாவை ஒட்டி நின்ற அந்தப் பெட்டி, கூரை வரை அடுக்கிய ஃபோம், எழுந்து நடக்க முடியாத பெரியவர், பின்வாசல் இல்லாத வீடு எல்லாம் இப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக அவனுக்குள் இறங்கின.

"வாடை வருது," என்றான். சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். "எனக்கு வாடை வருதுடி."

பாலத்துக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதத் தொடங்கியது. நீளமாக ஊதியது.

அவன் அவளைத் தள்ளினான். "போ. ஓடு. காரணம் சொல்லு, விடுவாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, நீ போ."

அவள் எழுந்திருக்கவில்லை. சங்கு ஊதி முடிகிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் அவன் சட்டையைப் பிடித்த கையை அவள் விடவில்லை.